வழிமொழிந்தவர் வீரய்யா

"இங்க வாங்கடி... யாராவது இங்க வாங்களேன்..."

அம்மாக்கண்ணுவின் அலறல் குடிதண்ணீர் விழும் பீலிக்கரைக்கு மேலிருந்து கிளம்பி, பனியைக் கிழித்துக்கொண்டு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களம் வரைக்கும் வந்தது.

பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்த மேற்பார்வையாளர், கண்டாக்கு, நிறுத்தினார். கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்கள் திரும்பினார்கள்.

அடுத்த நொடி...

காலைப் பெரட்டு முழுவதும் மேட்டில் ஏறி ஓடியது.

பீலியில் தண்ணீர் கலங்கி வருகிறதே என்று ஊற்றுத் தொட்டியைப் பார்க்கப் போனவள் அம்மாக்கண்ணு. தொட்டிக்குப் பின்னால் அவள் பார்த்தது வேறு.

சீமெந்துப் படியில் ஒரு பின்தலை. சேற்றில் இரண்டு கால்கள். திறந்த கண்கள். அவற்றில் தேங்கிய மழைத்தண்ணீர்!

வீரய்யா.

மேல் லயத்து வரிசைவீடு ஒன்றில் இருந்தவர். இரண்டு கறவை மாடுகளின் சொந்தக்காரர். பூண்டுலோயாவுக்கு மேலே, கருவாக்கலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் பால் ஊற்றியவர்.

இப்போது அவருக்குப் பால் ஊற்ற வேண்டிய நாள் வந்துவிட்டது.

பொலிஸ் ஜீப் ஏறி வந்தது. உப பரிசோதகர் அப்ராஸ் இறங்கினார். ஒல்லியான மனிதர். தொப்பியை விடக் குரல் பெரிது.

"இவர கடைசியா உசிரோட பாத்தது யாரு?"



வீரய்யாவின் மனைவி வேலாயி, உடப்புசல்லாவையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தவள், அப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கி மண்ணில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

கணேசமூர்த்தி தொண்டையைச் செருமினார்.

"நேத்து மூணு மணிக்கு எங்க சங்கக் கூட்டம் இருந்திச்சுங்க சேர். நான்தான் தலைவரு."

"என்ன சங்கம்?"

"மரண உதவிச் சங்கம்ங்க."

அப்ராஸ் கீழே கிடந்தவரைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார்.

"வீரய்யா அதுல மெம்பரா?"

"ஆமாங்க. தொடர்ந்து மூணு கூட்டத்துக்கு வராட்டி பேர வெட்டிருவோம். பொறகு செத்தா பெட்டியும் இல்ல, பந்தலும் இல்ல."

"கூட்டத்துக்கு வராட்டி சாக ஏலாது. நல்ல சட்டம்தான். நேத்து வந்தாரா?"

கணேசமூர்த்தி ஒரு கணம் தயங்கினார். பிறகு கூட்டத்தின் ஓரத்தில் நின்ற பெண்ணை நோக்கிக் கையைக் காட்டினார்.

"செயலாளரக் கேளுங்க சேர். ஜெயந்தினி டீச்சர். அவங்க மினிட்ஸ் புத்தகத்துல எல்லாம் இருக்கும்."

ஜெயந்தினி. தோட்டத்து முன்பள்ளி ஆசிரியை. முகம் வெளுத்திருந்தது. பிணத்தைப் பார்த்த பயம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பயம் இல்லை அது.

*

ஒரு கூட்டறிக்கை எப்படி இருக்க வேண்டும்?

பேசியதையெல்லாம் எழுதுவது அறிக்கை அல்ல. அப்படி எழுதினால் அது சண்டைக்கதை! முடிவானதை எழுத வேண்டும். யார் வந்தார்கள், என்ன தீர்மானித்தார்கள், அதை யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், இனி யார் என்ன செய்ய வேண்டும்... இவ்வளவுதான். வராத ஒருவர் அதை வாசித்தால், தானும் அங்கே உட்கார்ந்திருந்ததைப் போல் அவருக்குத் தோன்ற வேண்டும்.

ஜெயந்தினியின் அறிக்கைகள் அப்படித்தான் இருக்கும். மற்றச் சங்கத்துச் செயலாளர்களுக்கு அவளுடைய புத்தகத்தைத்தான் மாதிரியாகக் காட்டுவார்கள்.

அதைத்தான் இப்போது அப்ராஸ் பெரட்டுக்களத்தில் நின்று உரக்க வாசித்துக்கொண்டிருந்தார்.

"மாதாந்தக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குச் சங்க மண்டபத்தில் தலைவர் திரு. கணேசமூர்த்தி தலைமையில் நடைபெற்றது. பொருளாளர் திரு. நல்லமுத்து கணக்கறிக்கை வாசித்தார். மண்டபத்தின் கூரைத் தகரத்தை மாற்றுவதெனத் தீர்மானிக்கப்பட்டது. முன்மொழிந்தவர் திருமதி அம்மாக்கண்ணு. வழிமொழிந்தவர்..."

அவர் நிமிர்ந்தார்.

"திரு. வீரய்யா."

பெரட்டுக்களத்தில் ஒரு சலசலப்பு.

"கூட்டம் ஐந்து மணிக்கு நிறைவுற்றது... டீச்சர், இப்பிடி ஒரு ரிப்போர்ட் எங்கட ஸ்டேஷன்ல ஒருத்தனுக்கும் எழுத வராது."

ஜெயந்தினி தலையைக் குனிந்துகொண்டாள்.

"தகரம் மாத்தச் சொன்னது நீங்கதானே?" அப்ராஸ் அம்மாக்கண்ணுவைக் கேட்டார்.

அம்மாக்கண்ணு விழித்தாள். "நானா... ஆமாங்க. ஒழுகுதுல்ல."

"வீரய்யா வழிமொழிஞ்சாரு?"

"மொழிஞ்சாருங்க."

"தலைவரே?"

"இருந்தாருங்க சேர். நான் பாத்துக்கிட்டுத்தானே தலைம தாங்கினேன்."

"பொருளாளர் யாரு?"

கட்டையான ஓர் ஆள் முன்னால் வந்தார். நல்லமுத்து. தோட்டத்தில் முதல் தரக் கரட்டும் லீக்ஸும் போடுகிறவர். "நல்லா இருந்தாருங்க. சிரிச்ச மொகமா இருந்தாரு."

அதன் பிறகு அறிக்கையில் பெயர் இருந்த ஒவ்வொருவரும் சொன்னார்கள். இருந்தாரு. பாத்தேன். ஆமாங்க.

அப்ராஸ் கணக்குப் போட்டார். பொலிஸ் கணக்கு எப்போதும் கழித்தல் கணக்கு.

மழையில் கிடந்த உடம்பு. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் இறந்திருக்கலாம் என்றுதான் உடம்பைப் பார்த்த வைத்தியர் சொன்னார். ஆனால் ஐந்து மணி வரை மனிதர் மண்டபத்தில் உட்கார்ந்து வழிமொழிந்திருக்கிறார். அப்படியானால் சாவு ஐந்து மணிக்குப் பிறகு!

"அஞ்சு மணிக்குப் பொறகு எல்லாரும் எங்க?"

"புள்ளையார் கோயில் பூசைங்க. மொத்த லயமும் அங்கதான்."

"வராத ஆளு?"

எல்லா முகமும் ஒரே பக்கம் திரும்பியது.

வினோஜன். முச்சக்கர வண்டி ஓட்டுகிற இளைஞன். போன மாதம் வீரய்யாவின் மாடு அவனுடைய போஞ்சிப் பாத்தியை மேய்ந்தபோது, 'மாட்டோட சேத்து ஒன்னயும் பள்ளத்துல உருட்டி விட்டுருவேன்' என்று ஊர் கேட்கக் கத்தியவன்.

"அஞ்சு மணிக்குப் பொறகு எங்கடா இருந்த?"

"பீலியில வண்டி கழுவுனேன் சேர்."

"தனியாவா?"

"வண்டி இருந்திச்சு."

"கூட்டத்துக்கு ஏன் போகல?"

"போனேன் சேர். மண்டபம் பூட்டிக் கெடந்திச்சு. ஒருத்தரும் இல்ல."



பெரட்டுக்களமே கொந்தளித்தது.

"பச்சப் பொய் சொல்றான் சேர்..."

"எங்க எல்லாரையும் பேயின்னு சொல்றியாடா?"

அப்ராஸ் அவன் தோளில் கையை வைத்தார். "இவ்வளவு பேரும் பொய், நீ மட்டும் உண்மை. அப்பிடியா?"

"எனக்கு அவங்க கத தெரியாது சேர். பூட்டு இருந்திச்சு. நான் பூட்டப் பாத்தேன். பூட்டு என்னயப் பாத்திச்சு."

"வா. ஸ்டேஷன்ல இன்னொரு பூட்டு இருக்கு. அதையும் பாரு."

ஜீப் கிளம்பியது.

வினோஜனின் தங்கை தனுஜா ஜீப்பின் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினாள். நின்றாள். திரும்பி நேராக ஜெயந்தினியிடம் வந்தாள்.

"டீச்சர், எங்கண்ணன் சண்டக்காரன். ஒத்துக்கிறேன். பொய்க்காரன் இல்ல. நீங்களாவது சொல்லியிருக்கலாமே."

"நான் என்ன சொல்ல தனுஜா..."

"அதானே. நீங்கதான் எழுதிட்டீங்களே."

அவள் போய்விட்டாள். ஜெயந்தினி மினிட்ஸ் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். கைக்குழந்தையை மறைப்பது போல.

*

அன்று பிற்பகல் அவள் பொலிஸ் நிலையத்துக்குப் போனாள்.

வழி முழுக்க ஒரு வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு போனாள். படியேறும்வரை அது நாக்கில் இருந்தது.

"வாங்க டீச்சர், வாங்க. நானே ஆளனுப்ப இருந்தன்." அப்ராஸ் எழுந்தே நின்றுவிட்டார். "டேய், டீச்சருக்கு ஒரு பிளேன்டீ. இவங்கதான் அந்த ரிப்போர்ட் எழுதினவங்க."

இரண்டு கொஸ்தாபல்மார் எட்டிப் பார்த்தார்கள். மரியாதையாக!

அந்த வசனம் தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

"சேர்... வீரய்யாண்ணன் விசயமா..."

"சொல்லுங்க."

"அறிக்கையில... அவரு பேரு..."

"அந்த ஒரு வரிதான் டீச்சர் கேஸே. அது மட்டும் இல்லாட்டி இவன உள்ளுக்கு வைக்க என்கிட்ட ஒண்டும் இல்ல. விட்டிருப்பன்."

கம்பிக்குப் பின்னால் வினோஜன் எழுந்து வந்தான். சட்டை கசங்கியிருந்தது.

"டீச்சர்."

அவள் திரும்பவில்லை.

"டீச்சர், கோவத்துல கேக்கல. நீங்க எங்க இருந்தீங்க? மண்டபத்து வாசல்ல மழையில நின்னு ரெண்டு தரம் ஒங்க ஃபோனுக்குக் கோல் எடுத்தேன். வேல செய்யல."

"பாத்தீங்களா?" அப்ராஸ் சிரித்தார். "இன்னும் விடுறானில்ல. கதைய நல்லாப் பின்றான்."

ஜெயந்தினி சூடான பிளேன்டீயை ஒரே மடக்காகக் குடித்தாள். நாக்கு வெந்தது. வேகட்டும் என்று இருந்தது அவளுக்கு.

"ஒரு சந்தேகம் டீச்சர். நாளைக்குப் பத்து மணிக்கு இவன நீதவான்கிட்ட கொண்டு போறன். இந்த அறிக்கையக் காட்டினா, எதிர்ப்பக்கத்து லோயர் என்ன கேப்பாரு?"

இந்தக் கேள்விக்கு மட்டும் அவளுக்குப் பதில் வந்தது. தொழில் கேள்வி!

"இது இன்னும் வரைவுதான்னு சொல்லுவாரு சேர்."

"வரைவா?"

"அறிக்கைய எழுதுறது செயலாளர். ஆனா அது செயலாளரோட சொந்தக் கத இல்லியே. அடுத்த கூட்டத்துல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டணும். திருத்தம் இருக்கான்னு கேக்கணும். இல்லாட்டி ஒருத்தர் முன்மொழிஞ்சு, ஒருத்தர் வழிமொழிஞ்சு, தலைவர் கையெழுத்து வைக்கணும். அதுக்குப் பொறகுதான் அது சங்கத்தோட வார்த்த. அதுவரைக்கும் ஒரு ஆளோட வார்த்த."

"அப்ப நாளைக்கு விடியவே அவசரக் கூட்டம் போடுங்க. நானும் வாறன். வாசிங்க, கையெழுத்து வாங்குங்க. நான் கையோட கோட்டுக்குக் கொண்டு போறன்."

வெளியே வந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

வினோஜனைச் சிறைக்கு அனுப்ப ஒரு குறை இருந்தது.

அதை எப்படி நிவர்த்தி செய்வது என்று அவளே பாடம் எடுத்துவிட்டு வந்திருக்கிறாள்!

*

செவ்வாய்க்கிழமை காலை. மண்டபம் நிரம்பி வழிந்தது.

சங்கம் தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு கூட்டம் வந்ததில்லை. பொலிஸ் கூப்பிட்டால் மழைக்கும் இடுப்பு வலிக்கும் மதிப்பில்லை போலும்.

முன்வரிசையில் அப்ராஸ். வாசலில் தனுஜா. சுவரோரம் வேலாயி, இரண்டு பெண்கள் தாங்கிப் பிடிக்க.

ஜெயந்தினி எழுந்து அறிக்கையை வாசித்தாள். குரல் தாளில் ஊன்றி ஊன்றி நடந்தது. வழிமொழிந்தவர் திரு. வீரய்யா என்ற இடத்தில் வேலாயி விம்மினாள்.

"திருத்தம் ஏதும் உண்டா?" என்றார் கணேசமூர்த்தி.

இந்தக் கேள்வியை எந்தச் சங்கத்திலும் யாரும் மதிப்பதில்லை. கேட்டு முடிக்கும் முன்பே அடுத்த விடயத்துக்குத் தாவிவிடுவார்கள். ஆனால் கூட்டத்தின் மொத்த நேர்மையும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் இருக்கிறது. எழுதியவர் தவறியிருந்தால், வந்தவர்கள் பிடிக்க வேண்டிய இடம் அது.

கணேசமூர்த்தியின் கை பேனாவைத் தேடியது.

"கொஞ்சம் பொறுங்க." அப்ராஸ் எழுந்தார். "கோட்டுல கேப்பாங்க. வீரய்யா எங்க ஒக்காந்திருந்தாரு?"

"பின்னாலங்க," என்றார் கணேசமூர்த்தி.

"முன்னாலங்க," என்றாள் அம்மாக்கண்ணு. அதே நேரத்தில்.

"பின்னாலயா, முன்னாலயா?"

"நடுவுல இருந்திருப்பாருங்க."

"என்ன உடுத்தியிருந்தாரு?"

"கவனிக்கல சேர்." "கணக்குக் கேட்டுக்கிட்டு இருந்தோம் சேர்." "கண்ணு சரியா தெரியாது சேர்."

அப்ராஸின் முகம் சுருங்கியது. இவர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் வழக்கு கூண்டோடு கவிழும்!

அப்போது நல்லமுத்து எழுந்தார்.

"நான் சொல்றேங்க. சன்னல் ஓரமா இருந்தாரு. நீல ஸ்வெட்டர். மழைக்கு மாட்டுத் தீவனப் பையக் கிழிச்சுத் தலையில கொங்காணியாப் போட்டிருந்தாரு. 'டொக்டர் வரேன்னுட்டு வரல, கன்னுக்குட்டி எழும்ப மாட்டேங்குது'ன்னு எங்கிட்ட கவலப்பட்டாரு பாவம்."

"சபாஷ். இதுதான் சாட்சி. எழுதுங்க டீச்சர்."

ஜெயந்தினி எழுதினாள். ஒரு சொல் விடாமல்.

"அப்ப முன்மொழியிறவங்க முன்மொழிங்கம்மா," என்றார் கணேசமூர்த்தி. பேனாவின் மூடியை ஏற்கெனவே கழற்றிவிட்டார்.

அம்மாக்கண்ணு கையைத் தூக்கப் போனாள்.

"ஒரு திருத்தம் இருக்கு."

எல்லோரும் திரும்பினார்கள். பேசியது செயலாளர்!

"என்ன டீச்சர், எழுத்துப் பிழையா?" என்றார் தலைவர். "அது கெடக்கட்டும்."

"இல்லிங்க."

"வீரய்யா பேரா?"

"அவரு மட்டும் இல்லிங்க."

அவள் புத்தகத்தை மேசையில் வைத்தாள். 

"கூட்டம் நடக்கல."

கூரையில் காகம் நடக்கும் சத்தம் கேட்டது.

"என்னது?" என்றார் அப்ராஸ்.

"ஞாயித்துக்கிழம கூட்டமே நடக்கல சேர். மண்டபத்துச் சாவி எங்கிட்ட இருந்திச்சு. நான் நுவரெலியாவுல இருந்தேன்."

"அங்க என்ன செஞ்சீங்க?"

 காது மடல்கள் சிவந்தன. கண் தரையைத் தேடியது.

"ஒரு தொண்டு நிறுவனத்துல வகுப்பு சேர். பல தோட்டத்துச் செயலாளருங்க வந்திருந்தாங்க. சரியான கூட்டறிக்கை எப்பிடி எழுதுறதுன்னு... நான்தான் படிச்சுக் குடுத்தேன்."

யாரோ சிரிக்கப் போய் இருமினார்கள்.

"புதுசா ஒரு மாதிரி அறிக்கை காட்டணும்னு ஆச. அதனால அன்னிக்குப் பின்னேரம் நடக்க இருந்த கூட்டத்தோட அறிக்கைய முதல் நாளே எழுதிட்டேன். காலையிலயே அதப் பெருசாக்கித் திரையில காட்டினேன். கை தட்டினாங்க. மூணு மணிக்கு முன்ன வந்துரலாம்னுதான் நெனச்சேன். வழியில மண் சரிஞ்சு பஸ் நின்னுருச்சு. ஃபோன்ல சார்ஜ் இல்ல. இருட்டின பொறகுதான் வந்தேன். ஏன் மண்டபம் தொறக்கலன்னு ஒருத்தரும் கேக்கல... அப்பிடியே விட்டுட்டேன்."

"அப்ப இந்தப் பேருங்க எல்லாம்?"

"வர முடியாது, வந்ததா போட்டுருங்கன்னு எங்கிட்ட சொன்னவங்க பேரு சேர். பேர மட்டும் போட்டா சந்தேகம் வரும்னு ஆளுக்கு ஒரு வேலையும் குடுத்தேன். முன்மொழிஞ்சாங்க, வழிமொழிஞ்சாங்கன்னு. வீரய்யாண்ணன் மாட்டு டொக்டருக்காகக் காத்திருக்கணும்னாரு. ரெண்டு கூட்டம் விட்டிருந்தாரு. இதையும் விட்டா பேரு போயிரும்னு கெஞ்சினாரு." அவள் வாசலைப் பார்த்தாள். "வினோஜன் மட்டும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. வர இருந்த ஆளு எதுக்குக் கேக்கப் போறாரு? அதனாலதான் அவரு பேரு இதுல இல்ல."

தனுஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்ராஸ் மெதுவாகத் தலைவரிடம் வந்தார். மிக மெதுவாக.

"தலைம தாங்கினீங்கன்னு சொன்னீங்களே?"

கணேசமூர்த்தியின் கையில் பேனா மூடி உருண்டது. "இடுப்புப் புடிப்புங்க சேர். எழும்ப முடியல. நான் ஒருத்தன்தான் வரலன்னு நெனச்சேன். உப தலைவரு பாத்திருப்பாருன்னு..."

"நானும் வரலிங்க," என்றார் உப தலைவர். "தலைவரு இருப்பாருல்லன்னு..."

"நான் தகரம் மாத்தச் சொன்னத நானே ஒங்க வாயாலதான் சேர் கேள்விப்பட்டேன்," என்றாள் அம்மாக்கண்ணு. "டீச்சர் எழுதியிருந்தா சரியாத்தான் இருக்கும்னு ஆமான்னுட்டேன்."

ஒவ்வொரு தலையாகக் கவிழ்ந்தது. கூட்டத்துக்கு எல்லோரும் போனார்கள், தான் ஒருவன் மட்டும்தான் போகவில்லை... இப்படித்தான் ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள். கோயிலில் சுண்டல் தின்றபோதும் அதனால்தான் யாரும் கூட்டத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. தன் ஒருவனுடைய வெட்கத்தை மறைக்க ஒவ்வொருவரும் சொன்ன சின்னப் பொய்... ஒன்றாகச் சேர்ந்து ஓர் ஆளைக் கம்பிக்குப் பின்னால் தள்ளியிருந்தது.

உண்மை பேசியவன் ஒருவன். அவனைத்தான் பொய்யன் என்றார்கள்!

"எல்லாரையும் பிடிச்சு உள்ளுக்குப் போட்டா ஸ்டேஷன்ல இடம் காணாது," அப்ராஸ் பற்களைக் கடித்தார். "வினோஜன் அன்னிக்கு மூணு மணிக்குப் பொறகு அஞ்சு வரைக்கும் டவுன்ல மஃறூப் நானாட கடைச் சாமான் ஏத்தினான். மஃறூப் நானா என்கிட்ட வந்தே சொன்னாரு. 'அஞ்சு மணிக்கு முந்தின கத எனக்குத் தேவயில்ல'ன்னு அனுப்பிட்டன். இந்த அறிக்கைய நம்பி..."

சட்டென்று நிறுத்தினார்.

அவர் பார்வை ஜெயந்தினியின் மேசைக்குப் போனது. இப்போதுதான் எழுதிய, மை காயாத வரிகளுக்கு.

"டீச்சர். கடைசியா எழுதினத வாசிங்க."

"'சன்னல் ஓரமா இருந்தாரு. நீல ஸ்வெட்டர். மழைக்கு மாட்டுத் தீவனப் பையக் கிழிச்சுத் தலையில...'"

வாசித்துக்கொண்டே போனவளின் குரல் நின்றது.

நல்லமுத்துவைச் சுற்றி இருந்தவர்கள் தாமாகவே விலகினார்கள்.

"கூட்டம் நடக்கல," என்றார் அப்ராஸ். "வந்தேன்னு சொன்ன ஒருத்தனுக்கும் அவரு என்ன உடுத்தினாருன்னு தெரியா. தெரிய வழியில்ல. உங்களுக்கு மட்டும் எப்பிடித் தெரியும் நல்லமுத்து?"

"அது... நேத்துக் காலையில பொணத்தப் பாத்தப்ப..."

"ஸ்வெட்டர் சரி. எல்லாரும் பாத்தாங்க. அந்தப் பை உடம்புல இருக்கல. நேத்து அந்திக்கு ஓடைக்குள்ள இருந்து நான் எடுத்தன். ஜீப்புக்குள்ளதான் இருக்கு, ஒருத்தருக்கும் காட்டல. டொக்டர் வரலன்னு அவரு உங்ககிட்ட எங்க வெச்சுக் கவலப்பட்டாரு? பூட்டின மண்டபத்துக்குள்ளயா?"

 

நல்லமுத்து அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"தள்ளணும்னு தள்ளலிங்க."

வேலாயி நிமிர்ந்தாள்.

"தொட்டிக் குழாயில ஒரு பொருத்துப் போட்டு என் லீக்ஸுக்குத் தண்ணி இழுத்திருந்தேன். லயத்துக்கு வார தண்ணி. கூட்ட நேரத்துல ஒருத்தரும் மேல வரமாட்டாங்கன்னு அதச் சரி பண்ணப் போனேன். இவரு அங்க வந்துட்டாரு. கன்னுக்குத் தண்ணி வரலன்னு பாக்க வந்தாரு. மொதல்ல நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தாரு. அப்புறம் பொருத்தப் பாத்துட்டாரு. 'கூட்டத்துல சொல்லுவேன்'னாரு. கையப் புடிச்சேன். உதறினாரு. தள்ளிட்டேன்... படியெல்லாம் பாசி. வழுக்கிருச்சு."

"எதுக்கு அவ்வளவு கத சொன்னீங்க? பேசாம இருந்திருக்கலாமே."

"மினிட்ஸ்ல அவரு பேர நீங்க வாசிச்சப்ப எனக்குக் கை கால் ஓடல சேர். நான் பாக்க செத்த மனுசன் மண்டபத்துக்குப் போய்த் தகரத்துக்கு வழிமொழிஞ்சிருக்காரேன்னு..." அவர் முகத்தை மூடிக்கொண்டார். "அப்புறம்தான் சாமி கண்ணத் தொறந்துட்டாருன்னு நெனச்சேன். தொறந்தது டீச்சர். அத நல்லா உறுதிப்படுத்திரலாம்னு பாத்தேன்."

கொஸ்தாபல் அவரை எழுப்பி நடத்திக்கொண்டு போனான்.

*

அப்ராஸ் தொலைபேசியில் பேசிவிட்டு வந்தார். வினோஜனை அனுப்பச் சொல்லியாயிற்று.

மண்டபத்தில் ஒருவரும் எழுந்து போகவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வாசலைக் கடப்பது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை.

கணேசமூர்த்தி மெல்ல ஆரம்பித்தார். "ஒரு விசயம் இருக்கு. சொல்லவும் வெக்கமா இருக்கு. இப்ப பதிவத் திருத்தினா... வீரய்யா மூணாவது தடவையும் வராத கணக்காயிரும். சட்டப்படி பெட்டியும் பந்தலும்..."

வேலாயி எழுந்தாள். தாங்கியிருந்த கைகளை விலக்கினாள். இரண்டு நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"ஏன் தலைவரே, நடக்காத கூட்டத்துக்கு எம் புருசன் எப்பிடி வராம இருக்க முடியும்?"

கணேசமூர்த்தி யோசித்தார். இன்னும் கொஞ்சம் யோசித்தார்.

"நியாயம்," என்றார். "பெட்டிக்கு ஆள் அனுப்புங்கப்பா."

ஜெயந்தினி எல்லாவற்றையும் எழுதினாள். யார் வந்தார்கள், என்ன தீர்மானித்தார்கள், எந்த அறிக்கை எதற்காக நிராகரிக்கப்பட்டது, அதை எழுதியவர் யார். தன் பெயரை எழுதும்போது மட்டும் பேனா ஒருமுறை நின்றது. பிறகு நகர்ந்தது.

இவ்வளவு அடித்தலும் திருத்தலுமாக ஓர் அறிக்கையை அவள் இதுவரை எழுதியதே இல்லை.

புத்தகத்தையும் மண்டபத்துச் சாவியையும் தலைவருக்கு முன்னால் வைத்தாள்.

"நான் விலகிக்கிறேங்க. ஏத்துக்குங்க."

"அதெப்பிடி டீச்சர்? ஒங்கள விட்டா எழுத யாரு இருக்கா?"

"ஏத்துக்குங்க."

"இத எப்பிடி நாங்க வாயால முன்மொழியிறது?" என்றாள் அம்மாக்கண்ணு. "நாங்க மட்டும் என்ன யோக்கியமா?"

அப்போது வெளியே ஒரு வண்டி வந்து நின்றது.

வினோஜன்!

தனுஜா ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் வாசற்படியில் நின்று உள்ளே பார்த்தான். முழுச் சங்கமும் தரையைப் பார்த்தது. ஜெயந்தினி மட்டும் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள். அதற்கு அவளிடமிருந்த பலம் முழுவதும் தேவைப்பட்டது.

"வினோஜன்... ஒங்ககிட்ட எப்பிடி மன்னிப்புக் கேக்குறதுன்னு..."

"அது கெடக்கட்டும் டீச்சர். இப்ப என்ன, கூட்டமா? என்ன தீர்மானம் ஓடுது?"

"டீச்சர் செயலாளர் பதவியிலருந்து விலகணும்ங்கிறாங்கப்பா," என்றார் கணேசமூர்த்தி. "முன்மொழிய ஒருத்தருக்கும் மொகம் இல்ல."

வினோஜன் கசங்கிய சட்டையை உதறிக்கொண்டு உள்ளே வந்தான்.

"எதுக்கு இப்ப மறுபடி? ஞாயித்துக்கிழமையே அது நிறைவேறிருச்சே. இந்த வாசல்ல நனஞ்சுக்கிட்டே, கூட்டத்துக்கு வந்திருந்த அத்தன பேரும் ஏகமனதா ஒத்துக்கிட்டோம்!"